காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது, கால் மாறிமாறி நொண்டுகிறது

கேள்வி: கன்று போட்டு மூன்று மாதம். இளங்கொடி விழாமல் கையால் எடுத்தது. ஊசி போட்டால் காய்ச்சல் விடுகிறது, ஒரு கிழமையில் திரும்ப வருகிறது. ஆறு லீற்றர் பால் இரண்டாகிவிட்டது. முதலில் முன்னங்கால் நொண்டியது, இப்போது பின்னங்கால். கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது. (கரடியனாறு)

பதில்: தங்கச்சி, உண்ணிக் காய்ச்சல் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்தக் கழுத்து நரம்புதான் யோசிக்க வைத்தது. கருப்பையில் தங்கிய சீழ்க்கிருமி இரத்தத்தோடு போய் இதய வால்வில் குடியேறியிருக்கலாம். மாட்டுக்கு இது பெரும்பாலும் வலப்பக்க வால்வில்தான் வரும். இப்படிச் செத்த ஒரு மாட்டின் இதயத்தைப் பிளந்து பார்த்திருக்கிறேன். வால்வில் கோழிக்கொண்டை போலச் சதை வளர்ந்திருந்தது. அது வால்வை மூட விடாது. இரத்தம் பின்னுக்குத் தள்ளப்பட்டு நரம்பு புடைக்கும், நெஞ்சடியில் நீர் கோர்க்கும்.

மாடு அமைதியாக நிற்கும்போது வாலின் அடிப்பக்கத்தில் விரல் வைத்து ஒரு நிமிடம் நாடி எண்ணுங்கள். 60 முதல் 80 வரை சரி. படுத்திருந்தும் நூறைத் தாண்டினால் தாமதிக்க வேண்டாம்.

கம்பி, ஆணி விழுங்கிய மாட்டுக்கும் நரம்பு இப்படியே புடைக்கும். ஆனால் அதற்கு இதய ஒலி அமுங்கி, தண்ணீர் தளும்புவதுபோலக் கேட்கும். வால்வு நோயில் ‘உஸ்’ என்ற இரைச்சல் கேட்கலாம். இரைச்சல் இல்லை என்பதற்காக நோய் இல்லை என்று விட்டுவிடவும் முடியாது. அதனால் இரத்தத்தில் கிருமி வளர்த்துப் பார்க்க வேண்டும், முடிந்தால் இதய ஸ்கேனும். பேராதனைக் கால்நடை மருத்துவ பீடத்தில் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சலுக்கு இரத்தப் பூச்சும் (கண்ணாடித் துண்டில் இரத்தத் துளியைப் பூசி நுணுக்குக்காட்டியில் பார்ப்பது) பார்த்துவிடட்டும்.

தயவுசெய்து, இரத்தம் எடுக்குமுன் இன்னொரு ஊசி போடாதீர்கள். மருந்து உடம்பில் இருந்தால் கிருமி வளராது, காரணம் பிடிபடாது. காய்ச்சல் ஏறும்போது, இடைவெளி விட்டு இரண்டு மூன்று தடவை எடுப்பது நல்லது.

மறைக்காமல் சொல்கிறேன்: நோய் இதுதான் என்றால் குறைந்தது மூன்று கிழமை தொடர்ந்து பென்சிலின் போட வேண்டிவரும், அப்படியும் பல மாடுகள் தேறுவதில்லை. அந்த நாட்களில் பாலையும் விற்பனைக்கு ஊற்றக்கூடாது. செலவைத் தொடங்குமுன் வைத்தியரிடம் இதைப் பேசிவிடுங்கள். போட்ட ஊசிப் போத்தல்களையும் திகதிகளையும் நாளைக்கே அவரிடம் கொண்டுபோங்கள்.