நாதஸ்வரம் திமிரியா பாரியா என்று முதலில் பாருங்கள்

வணக்கம் அண்ணா. இந்தியாவிலிருந்து எடுப்பித்த நாதஸ்வரம் குருவின் சுருதியோடு சேரவில்லை, வாயில் வைத்து ஊதும் சீவாளியை மாற்றியும் சரிவரவில்லை, மகன் அழுகிறான் என்று எழுதியிருந்தீர்கள். பிள்ளையில் பிழை இல்லை, அவனை ஏசாதீர்கள்.

உங்கள் குழலையும் குருவின் குழலையும் பக்கத்தில் வைத்து நீளம் பாருங்கள். குட்டையானது திமிரி, சுருதி கூட. நீண்டது பாரி, நாதஸ்வர வித்துவான் ராஜரத்தினம் பிள்ளை வாசித்துப் பரவியது. சுருதி இறங்கி நிற்கும். சீவாளியால் சுருதி கொஞ்சம்தான் அசையும், திமிரி பாரியாகாது. குரு வாசிக்கும் கட்டையை, அதாவது சுருதி அளவை, கேட்டு அதே கட்டையில் மாற்றி எடுங்கள். கும்பகோணத்துப் பக்கம் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைகிறார்கள், 2022இல் அந்த நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அப்புறம், சீவாளி நாணலில் செய்வது. திருகோணமலைக் கடல்காற்றில் ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், நிழலில் உலர்த்துங்கள். கட்டை எத்தனை என்று தெரிந்ததும் எழுதுங்கள்.