துபாயில் 65 ஆயிரம் திர்ஹாமுக்கு வரும் பழைய மெர்சிடிஸ் சி63 ஏ.எம்.ஜி.யை வாங்கலாமா? எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

வாங்கலாம் தம்பி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு முன்னால் பதில் எழுதிய எல்லோரும் "யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை, அந்தக் காசுக்குப் புது கொரோலா எடு" என்றே எழுதியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது அந்த எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்திருப்பாரா என்று தெரியவில்லை. நான் ஷார்ஜா சனையாவில், அதாவது தொழிற்பேட்டையில், ஜெர்மன் வண்டிகள் மட்டும் பார்க்கும் கராஜில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். அந்த வண்டியைப் பற்றிப் பயமுறுத்தி மட்டும் எழுதினால் எனக்குக் கோபம் வரும். சரியாகப் பார்த்து வாங்கினால் அதுபோல ஒரு வண்டி இனி வராது. 6208 சிசி, வி8, டர்போ கிடையாது, 457 குதிரைத்திறன். மெர்சிடிஸே அடுத்த தலைமுறை சி63-ஐ 4 லிட்டர் டர்போவாக மாற்றிவிட்டது. அதற்கும் அடுத்ததில் நான்கே சிலிண்டர்.

ஆனால் உங்கள் கேள்வியில் 2010 மாடல், 1,40,000 கிலோமீட்டர், "ஷோரூம் கண்டிஷன்" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த மூன்றில் மூன்றாவதுதான் எனக்குக் கவலை.

உங்கள் நிலைமையை ஊகித்துத்தான் எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மாதாமாதம் ஊருக்குப் பணம் அனுப்புகிறவராக இருப்பீர்கள். கையில் ஐம்பது இருக்கும், மீதிக்குக் கடன் யோசிப்பீர்கள். இவ்வளவு பழைய வண்டிக்கு பேங்கில் கார் லோன் கிடைப்பது கஷ்டம், அதனால் பர்சனல் லோன் பக்கம் கண் போகும். அதை மட்டும் செய்யாதீர்கள். இந்த வண்டிக்கு 65 ஆயிரம் என்றால், அதற்கு மேல் ஒரு இருபது ஆயிரமாவது தனியாக ஒதுக்கிவைத்த பிறகே வாங்க வேண்டும். வண்டியின் விலை வருடா வருடம் இறங்கியிருக்கிறது, ஸ்பேர் பார்ட்ஸ் விலை இறங்கவில்லை. ஆயில் மாற்றப் போனாலே ஒன்பது லிட்டருக்குப் பக்கம் வேண்டும். முன் பிரேக் டிஸ்க் 360 மில்லிமீட்டர், காலிப்பரில் ஆறு பிஸ்டன். சாதாரண சி கிளாஸின் பிரேக் பேட் விலையை விசாரித்துவிட்டு இதற்குக் கணக்குப் போடாதீர்கள். பெட்ரோல் பங்கில் ஆக்டேன் 98 தான், ஊருக்குள் லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் கிடைத்தால் சந்தோஷப்பட வேண்டும்.

சரி, எஞ்சினுக்கு வருவோம். இந்த எஞ்சினுக்கு எம்156 என்று பெயர். இதற்கென்றே சில நோய்கள் உண்டு. முதலாவது ஹெட் போல்ட். சிலிண்டர் ஹெட்டை பிளாக்கோடு இறுக்கிப் பிடிக்கும் போல்ட்டுகள். ஆரம்பகால எஞ்சின்களில் வந்த போல்ட்டின் தலைப்பகுதி அரித்துப்போய் உடைகிறது. உடைந்தால் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர், மெல்ல மெல்லக் குறையும். குறைகிற கூலன்ட் சிலிண்டருக்குள் போனால் எஞ்சினே போய்விடும், ஏனென்றால் தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். எஞ்சின் நம்பரின் கடைசி ஆறு இலக்கம் 060658-க்கு முன்னால் இருந்தால் பழைய போல்ட், அதற்குப் பிறகு என்றால் திருத்திய போல்ட். 2010 மாடல் சந்தேகத்துக்கு உரிய காலம், அதனால் மாடல் வருடத்தை நம்பாமல் எஞ்சின் நம்பரைப் பாருங்கள். முந்தைய நம்பர் என்றால் போல்ட் மாற்றிய பில் கேளுங்கள். ஹெட்டைக் கழற்றாமலே ஒவ்வொரு போல்ட்டாக எடுத்துப் புதியது போடும் முறை ஒன்று இருக்கிறது, எங்கள் கராஜிலும் அப்படித்தான் செய்கிறோம். அது சரியில்லை, ஹெட்டைக் கழற்றி கேஸ்கெட்டும் மாற்றினால்தான் முழு வேலை என்று சில மெக்கானிக்குகள் சண்டைக்கு வருவார்கள். கூலன்ட் குறையாத, நல்ல நிலையில் இருக்கும் எஞ்சினுக்கு ஒவ்வொன்றாக மாற்றினால் போதும் என்பது என் அனுபவம்.

இரண்டாவது, கேம் ஷாஃப்ட் அட்ஜஸ்டர். வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை மாற்றும் பாகம். இதைக் காதால்தான் பிடிக்க முடியும், அதுவும் எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது மட்டும். ஸ்டார்ட் செய்தவுடன் ஒன்றிரண்டு வினாடி "கர்ர்ர்" என்று உரசும் சத்தம் வந்து நின்றுவிடும். உள்ளே அட்ஜஸ்டரைப் பூட்டிப் பிடிக்கும் பின் உட்காரும் இடம் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். சூடான எஞ்சினில் இந்தச் சத்தம் வராது. அதனால்தான் நீங்கள் போகும்போது வண்டி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் "ஏன்?" என்று கேட்க வேண்டும். டக்டக் என்று விடாமல் அடித்துக்கொண்டே இருந்தால் அது வேறு, வால்வ் லிஃப்டரும் கேமும் தேய்கிற விஷயம், செலவும் கூடுதல்.

2024 கடைசியில் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் இதே சி63-க்காக என்னைக் கூப்பிட்டான். துபாயில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறான். வெள்ளை வண்டி, கண்ணாடி மாதிரி பாலிஷ், எஞ்சின் பே கூட கழுவித் துடைத்து மின்னியது. சாயங்காலம் போனோம். பானெட்டில் கை வைத்தால் சுடுகிறது. "இப்பத்தான் ஒருத்தர் ஓட்டிப் பார்த்துட்டுப் போனார்" என்றார் கடைக்காரர். "நாளைக் காலையில் வருகிறோம், நாங்கள் வருகிறவரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். காலையில் சொன்ன நேரத்துக்கு முன்பாகவே போய் நின்றோம். ஆறிய எஞ்சின். சாவியைத் திருப்பியதும் அந்தக் "கர்ர்ர்". "வி8 என்றால் அப்படித்தான் சத்தம் வரும்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

கூலன்ட் டேங்க் விளிம்புவரை நிரம்பியிருந்தது. எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டால் பதில் இல்லை. எஞ்சின் நம்பர் பழைய வரிசை, போல்ட் பில் இல்லை. அப்புறம் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தேன். மேலே புதுசு மாதிரி இருந்த பெல்ட்டில் அடிப்பகுதியில் பழுப்புக் கோடு. டிக்கியில் பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் உள்ளே ஃபியூஸ் பாக்ஸ் இருக்கும். அங்கே இருந்த கனெக்டரில் பச்சைப் பூப்பு. முன் கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கினேன், கீழே ஃபோமில் மாவு மாதிரி மண். 2024 ஏப்ரல் 16 மழையை இங்கே இருப்பவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். 1949-இல் பதிவு தொடங்கியதிலிருந்து இப்படி மழை பெய்ததில்லை என்றார்கள், அல் ஐன் பக்கம் ஒரே நாளில் 254 மில்லிமீட்டர். ஷார்ஜாவில் சில தெருக்களில் நாட்கணக்கில் தண்ணீர் நின்றது. அன்று மூழ்கிய வண்டிகள் எல்லாம் ஸ்கிராப்புக்குப் போய்விடவில்லை, கழுவிக் காயவைத்து மறுபடி விற்பனைக்கு வந்தவையும் உண்டு. நீங்கள் பார்க்கும் வண்டி அதில் ஒன்றா என்று சீட் தண்டவாளத்துத் துருவும் பெல்ட்டும் கார்ப்பெட்டும் சொல்லிவிடும். பாலிஷ் சொல்லாது.

கார்ப்பெட்டைத் தூக்கியதும் கடைக்காரர் சத்தம் போட ஆரம்பித்தார். "வாங்க வந்தியா, வண்டியைப் பிரிக்க வந்தியா? நீ ஒரு மெக்கானிக், உனக்கு என்ன தெரியும்?" அதோடு விடாமல் எங்கள் கராஜ் முதலாளிக்கே போன் போட்டு, நான் அவர் வியாபாரத்தைக் கெடுப்பதாகப் புகார் சொன்னார். பழைய கார் விற்பவர்கள் எல்லோரும் இப்படி என்று நான் சொல்லவே இல்லை. "வேண்டிய இடத்தில் கழற்றிப் பார்த்துக்கோ" என்று லிஃப்ட் கொடுக்கும் நல்ல வியாபாரிகளும் அதே வரிசையில் இருக்கிறார்கள்.

அந்த "நீ ஒரு மெக்கானிக்" என்ற சொல் எனக்குப் புதிதும் இல்லை. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். ஊரில் எனக்குப் பெண் பார்த்தபோது, பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் டிப்ளமா, ஷார்ஜாவில் நல்ல சம்பளம் என்று சொன்ன அப்பாவிடம், "மெக்கானிக் என்றால் வேண்டாங்க, ஏசி ரூம் வேலை மாப்பிள்ளைதான் பார்க்கிறோம்" என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பினார்கள். அதே குடும்பத்துப் பையன் இன்று இங்கே கார் வாங்கும்போது, "அண்ணே, சும்மா ஒரு தடவை வந்து பார்த்துச் சொல்லுங்க" என்று லீவு நாளில் கூப்பிடுகிறான். சும்மா! ஒரு டாக்டரை அப்படிக் கூப்பிடுவார்களா? நீங்கள் பார்க்கும் ஏ.எம்.ஜி.யின் எஞ்சின் மேல் ஒரு சின்னத் தகடு இருக்கும், கையெழுத்தோடு. ஜெர்மனியில் அஃபால்டர்பாக் என்ற ஊரில் அந்த எஞ்சினை முதலிலிருந்து கடைசிவரை பூட்டிய ஒரே ஆளின் பெயர் அது. பூட்டியவன் பெயரை எஞ்சின் மேலேயே பதிக்கிறார்கள். அந்த மரியாதையை நம் ஊர்க்காரர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

விட்ட இடத்துக்கு வருகிறேன். அக்கவுன்ட்ஸ் பார்க்கும் அந்தப் பையன் கடைசியில் வாங்கியது வேறு வண்டி. ஜி.சி.சி. ஸ்பெக் (வளைகுடா நாடுகளுக்கென்று செய்தது), இங்கேயே புதிதாக வாங்கி ஒரே ஆள் ஓட்டியது. கூரையில் பெயின்ட் வெயிலில் வெளுத்திருந்தது, டிரைவர் சீட் ஓரம் கிழிசல். வெள்ளை வண்டியைவிட விலை பதினைந்தாயிரம் அதிகம். ஆனால் உரிமையாளர் ஒரு தடிமனான ஃபைலை எடுத்துக் கொடுத்தார். ஆயில் மாற்றிய தேதிகள், போல்ட் மாற்றியபோது எடுத்த போட்டோ, அட்ஜஸ்டர் மாற்றிய பில், எல்லாம் வரிசையாக. பையனுக்கு மனசே இல்லை. "அண்ணே, பார்க்க டல்லா இருக்கே" என்றான். பெயின்ட் அடிக்க எவ்வளவு, எஞ்சின் கட்ட எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். வாங்கினான். இன்றுவரை ஆயில் மாற்றவும் பிரேக்குக்கும் மட்டும்தான் என்னிடம் வருகிறான்.

நீங்கள் பார்க்கும் வண்டி அமெரிக்காவிலிருந்து வந்ததா என்று கட்டாயம் கேளுங்கள். மீட்டர் மைலில் இருந்தால், பம்பர் ஓரத்தில் ஆரஞ்சு ரிஃப்ளெக்டர் இருந்தால் பெரும்பாலும் அமெரிக்க வண்டி. அது மட்டுமே குற்றமில்லை. ஆனால் அங்கே விபத்தில் அடிபட்டு ஏலத்தில் போய், இங்கே கொண்டுவந்து நிமிர்த்தியவை நிறைய. சேஸிஸ் நம்பரை வைத்து, அங்கே நடந்த விபத்துகளைக் காட்டும் கார்ஃபேக்ஸ் ரிப்போர்ட் எடுங்கள், சின்னத் தொகைதான். இங்கே நடந்த விபத்துகளுக்கு எமிரேட்ஸ் வெஹிக்கிள் கேட் தளத்தில் அதே நம்பரைப் போட்டால் இலவசமாகத் தெரியும். போலீஸுக்குப் போகாமல் முடித்துக்கொண்ட விபத்துகள் அதில் வராது, அதற்குத்தான் லிஃப்டில் ஏற்றி அடியில் பார்ப்பது. ஜி.சி.சி. வண்டி என்றால் ஏஜென்சியில் சர்வீஸ் ரெக்கார்டு இருக்கும், உரிமையாளரோடு போனால் கிலோமீட்டரை அதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

மற்றவை சுருக்கமாக. சாவியைச் செருகியதும் ஸ்டியரிங் லாக் விடுபடும் சத்தம் கேட்கிறதா பாருங்கள். இந்த டபிள்யூ204 பாடியில் அந்த மோட்டார் போனால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது, சாதாரண சி கிளாஸிலும் இதே கதைதான். டயரில் தேதி பாருங்கள், ஐந்து வருடம் தாண்டியிருந்தால் பாஸிங்கில் (பதிவைப் புதுப்பிக்க நடக்கும் வண்டிச் சோதனையில்) நிற்காது. சைலன்ஸரை மாற்றி, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றியிருந்தால் ஒரிஜினல் பாகங்கள் கையோடு கிடைக்குமா என்று கேளுங்கள். சத்தத்துக்கு இங்கே 2,000 திர்ஹாம் அபராதம், லைசென்ஸில் 12 பிளாக் பாயின்ட். இன்ஷூரன்ஸை வாங்கிய பிறகு யோசிக்க வேண்டாம், முன்பே விலை கேளுங்கள். பத்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஃபுல் இன்ஷூரன்ஸ் தர நிறைய கம்பெனிகள் தயங்கும். தேர்ட் பார்ட்டியிலும் சிலிண்டர் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் கட்டணம், எட்டு சிலிண்டருக்கு அதிகம்.

நாளைக்கே விற்பவருக்கு போன் செய்து எஞ்சின் நம்பரை முல்கியாவிலிருந்து (வண்டியின் பதிவு அட்டை) போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கடைசி ஆறு இலக்கத்தை மட்டும் இந்தப் பதிலுக்குக் கீழே எழுதினால் போல்ட் எந்த வரிசை என்று சொல்கிறேன். முழு சேஸிஸ் நம்பரைப் பொதுவில் போட வேண்டாம். அனுப்ப மாட்டேன் என்று சொன்னால் டாக்ஸி செலவு பண்ணி அங்கே போகாதீர்கள், இதே மாடல் துபாயில் வேறு கிடைக்கும்.