கொப்புளத்தை முதலில் கீறிப் பாருங்கள்: பழைய ஸ்போர்ட்ஸ் கார் பெயின்ற் கேள்வி-பதில்

மழை தொடங்கினால் எனக்கு வரும் கேள்விகளும் ஒரே திசைக்குத் திரும்பிவிடும். பழைய காரின் தகட்டில் பெயின்ற் கொப்பளிக்கிறது, என்ன செய்யலாம்? எல்லோருக்கும் சேர்த்து முதலில் ஒன்று: கொப்புளத்தைப் பேனாக் கத்தியால் கீறிப் பாருங்கள். உள்ளே கபில நிறக் கறளா, வெள்ளைப் பொடியா, தண்ணீரா, பளபளக்கும் தகடா என்று தெரியாமல் எந்தக் கராஜிலும் விலை பேசாதீர்கள்.

தெஹிவளையிலிருந்து: என்னிடம் 1991ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5 இருக்கிறது. கதவுக்குக் கீழே, பின்சில்லுக்குச் சற்று முன்னால் மூன்று கொப்புளங்கள். உரசிப் பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) வைத்து அடித்தால் போதும் என்கிறார் கராஜ் பாஸ். போதுமா?

போதாது. அந்த இடத்துக் கொப்புளம் வெளியில் தொடங்கியதல்ல. உங்கள் காரின் துணிக்கூரையில் விழும் மழைநீர் இருக்கைகளுக்குப் பின்னாலுள்ள பீலியில் சேர்ந்து, இரண்டு பக்கமும் குழாய் வழியாக இறங்கி, பின்சில்லுக்கு முன்னால் வெளியேற வேண்டும். கொழும்பில் மாரா மரத்துக்குக் கீழே நிறுத்தாத கார் எது? அந்தச் சிற்றிலைகள் குழாயை அடைத்துவிட்டால் தண்ணீர் கதவடிப் பெட்டிக்குள், அதாவது கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் தகட்டுப் பெட்டிக்குள், இறங்கித் தங்கிவிடும். தகடு உள்ளேயிருந்து உக்கும். கறள், தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அதுதான் பெயின்றைத் தூக்குகிறது. நீங்கள் வெளியில் கொப்புளத்தைக் காணும்போது தகடு பெரும்பாலும் ஓட்டையாகியிருக்கும்.

ஸ்க்ரூ டிரைவர் நுனியால் சுற்றிலும் அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுக்க வேண்டும். உள்தகடும் போயிருந்தால் முதலில் அதைக் கட்டிய பிறகே வெளித்தகடு. புதுத் துண்டை ஒரே ஓட்டமாக வெல்ட் பண்ண விடாதீர்கள். சூட்டில் தகடு நெளியும். அங்கொன்று இங்கொன்றாகப் பொட்டு வைத்து, ஆறவிட்டு நிரப்பவேண்டும். பிறகு ஈப்பொக்சி பிரைமர் (அடிப்பூச்சு), அதன் மேல் மெல்லிய பட்டி, அதன் பிறகு மற்றவை. பெயின்ற் வேலை முழுவதும் முடிந்தபின் பெட்டிக்குள் மெழுகு ஸ்ப்ரே அடிக்கச் சொல்லுங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கூரையில்லாத காரில் அந்தப் பெட்டிதான் உடம்பின் பாரத்தைத் தாங்குகிறது. அதைப் பட்டியால் நிரப்புவது அழகுப் பிரச்சினை அல்ல, உயிர்ப் பிரச்சினை.

இன்றைக்கே செய்யக்கூடிய வேலை ஒன்று: பீலியில் ஒரு போத்தல் தண்ணீர் ஊற்றுங்கள். காருக்குக் கீழே உடனே வடிகிறதா என்று பாருங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து: மட்காட் பெயின்ற் அடித்து ஏழு மாதம். குண்டூசித் தலையளவு பொட்டுகள் நிறைய. மழைக்குப் பெரிதாகின்றன, வெயிலில் சுருங்குகின்றன. கீறினால் கறள் இல்லை.

கறள் இல்லாதது ஆறுதல். ஆனால் பெயின்றுக்குக் கீழே ஈரமும் உப்பும் மாட்டியிருக்கின்றன. உப்பு பெயின்றின் ஊடாகவே ஈரத்தை இழுக்கும். அதனால்தான் மழைக்கு வீங்குகிறது.

இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். தொழில் பழகிய காலத்தில் ஒரு கதவுக்குப் பட்டி வைத்து, அவசரத்தில் தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன். தண்ணீரும் கடற்கரைப் பக்கக் கிணற்று உவர்நீர். அடித்த அன்று கண்ணாடிபோல இருந்தது. அடுத்த மழைக்காலம் முடியுமுன் கார் திரும்பி வந்தது. உரிமையாளரின் முகத்தை இன்னும் மறக்கவில்லை. பட்டி பஞ்சுபோலத் தண்ணீர் குடிக்கும். அதை உலர்வாகத்தான் தேய்க்க வேண்டும். தண்ணீர்ச் சான்ட் பேப்பர், மேலே பிரைமர் மூடிய பிறகு மட்டும்.

கடற்கரை வீதிப் பக்கம் இன்னொரு காரணமும் உண்டு. காலையில் தேய்த்த தகட்டை மாலைவரை திறந்து வைத்தால் கடற்காற்றின் உப்பு அதில் படிந்துவிடும். தேய்த்த அன்றே நல்ல தண்ணீரால் கழுவி, முற்றாக உலர்த்தி, கிரீஸ் நீக்கியால் துடைத்துப் பிரைமர் போட வேண்டும். உங்கள் மட்காட்டில் பொட்டுப் பொட்டாகத் திருத்த முடியாது. தகடுவரை உரித்துத் திரும்பச் செய்யுங்கள். வேலை செய்தவரிடம் கேட்பதற்கு உங்களுக்கு நியாயம் இருக்கிறது.

பொரளையிலிருந்து: 1960களின் எம்ஜிபி. பொனட் ஓரத்தில் கொப்புளம், உள்ளே வெள்ளைப் பொடி.

காந்தம் ஒட்டாதே? அந்தக் கால எம்ஜிபி பொனட் அலுமினியம். இரும்பைத் தேய்த்த தாளை அதில் தொடவே வேண்டாம். இரும்புத் துகள் பதிந்தால் அரிப்பு அங்கிருந்தே மீண்டும் தொடங்கும். வெள்ளைப் பொடி தீரும்வரை தேய்த்து, அலுமினியத்துக்கு ஏற்ற பிரைமர் போடுங்கள். அசிட் எட்ச் பிரைமர் என்றால் அதன் மேல் நேரடியாகப் பட்டி வைக்கக் கூடாது.

பலர் கேட்பது: கறளை மாற்றும் திரவம் பூசினால் தேய்க்கத் தேவையில்லையாமே?

தேவை. செதிலாக நிற்கும் கறளின் மேல் எதைப் பூசினாலும் அது செதிலோடு கழன்றுவரும். பொசுபோரிக் அமில வகையென்றால் போத்தலில் எழுதியபடி கழுவி நீக்குங்கள். மீந்த அமிலத்தின் மேல் ஈப்பொக்சி பிடிக்காது.

கல்கிசையிலிருந்து: என் லோட்டஸ் ஃபைபர் உடம்பு. கறள் வராது, பிறகெப்படிக் கொப்புளம்?

ஃபைபர் இழைகளுக்குள் நுழைந்த ஈரம் வெயில் சூட்டில் வெளியே தள்ளுகிறது, அல்லது பழைய பெயின்றுக்குப் புதுத் தின்னர் ஒத்துவரவில்லை. பெயின்ற் நீக்கும் இரசாயனத்தைக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள். அது பிசினையே கரைக்கும். கையால் தேய்த்து உரித்து, கூரைக்குக் கீழே சில கிழமை காயவிட்டு, ஈப்பொக்சியால் மூடி அடியுங்கள்.

கொள்ளுப்பிட்டியிலிருந்து: வீட்டுக் கராஜில் நானே 2கே பெயின்ற் (ஹார்டனர் என்ற இறுக்கும் திரவம் கலந்து அடிப்பது) அடிக்கலாமா? எந்த மாதம் நல்லது?

உரிப்பதையும் பிரைமருக்கு முந்திய வேலையையும் வீட்டில் தாராளமாகச் செய்யுங்கள், தூசிக் கவசத்தோடு. 2கே அடிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற நச்சு இரசாயனம் இருக்கிறது. துணி மாஸ்க் அதைத் தடுக்காது. வெளிக்காற்றுக் குழாய் பொருத்திய முகக்கவசம் வேண்டும். ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போனால் பிறகு சிறு அளவுக்கும் மூச்சு இழுக்கும், வாழ்நாள் முழுக்க. மாடி வீடுகள் நெருங்கிய இடத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் நினைக்க வேண்டும்.

மாதமென்றால் ஜனவரி முதல் மார்ச் வரை. ஒக்டோபர், நவம்பர் வேண்டவே வேண்டாம். எந்த மாதமானாலும் தகட்டின் சூடு பனிபடியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 பாகை கூடுதலாக இருக்க வேண்டும். அதனால் விடியற்காலையில் தொடங்காமல் பத்து மணிவரை பொறுங்கள்.