பாலிசி முதலா, மார்புப் பரிசோதனை முதலா?

கேள்வி: ஐயா, காரைக்குடிக்குப் பக்கத்தில் கிராமம். வயது 43. வீட்டில் முறுக்கு, சீடை சுட்டு விற்கிறேன். கணவர் பெயின்டர். வீடு தேடி வந்த நர்ஸ் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். மார்பில் கட்டி மாதிரி தட்டுப்படுகிறது என்று டாக்டரம்மா மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்கச் சீட்டு எழுதித் தந்தார். எங்களுக்கு எந்தக் காப்பீடும் இல்லை. தெரிந்த ஏஜெண்ட், "டெஸ்ட் பேப்பர் வந்துவிட்டால் பாலிசி கிடைக்காது, முதலில் பாலிசி போட்டுவிட்டு நாலு மாசம் கழித்து எடுங்கள்" என்கிறார். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள் அம்மா. உடம்புக்குக் கெடுதல் என்பது ஒருபக்கம். சட்டப்படியும் இந்த யோசனை நிற்காது.

பாலிசி விதிகளில் வரும் 'ஏற்கெனவே உள்ள நோய்' என்றால் டெஸ்டில் உறுதியான நோய் மட்டும் என்று ஏஜெண்ட் நினைக்கிறார். பாலிசிக்கு முந்தைய 36 மாதங்களுக்குள் ஒரு நோய்க்காக மருத்துவர் ஆலோசனை சொல்லியிருந்தாலே அதில் அடங்கும். உங்கள் கையில் இருக்கும் சீட்டே அதற்குப் போதும். அப்படிப்பட்ட நோய்க்குக் காத்திருப்புக் காலம், அதாவது அந்த நோய்ச் செலவுக்குப் பணம் தராத காலம், 36 மாதம் வரை இருக்கலாம். நாலு மாசம் என்று எங்கே படித்தாரோ!

சீட்டை மறைத்தால்? விண்ணப்பத்தில் 'இல்லை' என்று டிக் போடுவது ஏஜெண்ட், கையெழுத்து உங்களுடையது. பிறகு காப்பீட்டு நிறுவனம் க்ளைமை மறுத்துப் பாலிசியையே ரத்து செய்தால், புகார்களை விசாரிக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் முன்னால் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.

சரி, பரிசோதனைக்குக் காப்பீடு வேண்டுமா? வேண்டாம். வெறும் டெஸ்டுக்காக அட்மிட் ஆனால் தனியார் பாலிசிகளும் பொதுவாகப் பணம் தராது. அரசு சுகாதார நிலையங்களில் 30 வயது தாண்டிய பெண்களுக்கு மார்பக, கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை இலவசம். காப்பீட்டு அட்டை கேட்க மாட்டார்கள். சீட்டோடு இந்த வாரமே சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். கருப்பைவாய்ச் சோதனை செய்யவில்லை என்றால் அதையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

காப்பீடு உதவுவது சிகிச்சைக்கு. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். ஆண்டுக்கு 5 லட்சம் வரை. பிரீமியம் கிடையாது, முன்பே வந்த நோய் என்று தள்ளுவதும் கிடையாது. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதியுங்கள். வருமானம் கூடுதலாக இருந்தாலும் அரசு மருத்துவமனைச் சிகிச்சைக்கு அட்டை கட்டாயமில்லை.

ரிப்போர்ட் நல்லபடியாக வந்தால், அப்புறம் பாலிசி போடுங்கள். அந்த ரிப்போர்ட்டின் நகலை விண்ணப்பத்தோடு இணைத்துக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்கி வையுங்கள்.