கால் வலுவுக்கு எவ்வளவு செலவு செய்யலாம்?

அறுபதை ஒட்டியும் தாண்டியும் இருக்கும் வாசகர்களிடமிருந்தும் அவர்களுடைய பிள்ளைகளிடமிருந்தும் வந்த கடிதங்களுக்கு இந்த முறை பதில்.

கேள்வி: எனக்கு 67 வயது. ஓய்வுபெற்ற ஆசிரியர். துபாயில் இருக்கும் மகன், தெருநாய்த் தொல்லைக்குப் பயந்து, வீட்டுக்குள்ளேயே நடக்கும்படி சொல்லி டிரெட்மில் வாங்கப் பணம் அனுப்பியிருக்கிறான். கடைக்காரர் 4 ஹெச்.பி. மோட்டார் உள்ளதைத்தான் வாங்க வேண்டும் என்கிறார். என்ன செய்யட்டும்?
(கும்பகோணம் வாசகர்)

பதில்: ஐயா, முதலில் மோட்டார் கணக்கைப் பார்த்துவிடுவோம். 1 ஹெச்.பி. என்பது ஏறக்குறைய 746 வாட். அப்படியானால் 4 ஹெச்.பி. என்பது 3,000 வாட்டுக்கு அருகில் வருகிறது. வீட்டுக் கெய்சரே பெரும்பாலும் 2,000 வாட்தான். ஒருவர் நடப்பதற்கு இவ்வளவு மின்சாரம் தேவைப்படவே படாது. கடையில் பெரிதாகச் சொல்லப்படும் எண் பெரும்பாலும் ‘பீக்’ ஹெச்.பி.; அதாவது மோட்டார் கொஞ்ச நேரம் மட்டும் எட்டக்கூடிய உச்சத் திறன். தொடர்ந்து ஓடும்போது மோட்டார் தரும் திறன் எவ்வளவு என்று கேளுங்கள். நடைப் பயிற்சிக்கு மட்டும் என்றால் ஒன்றரை முதல் இரண்டு ஹெச்.பி. போதும். அந்த எண்ணைச் சொல்ல விற்பனையாளர் தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள்.

உங்கள் வயதில் மோட்டாரைவிட முக்கியமானவை வேறு சில உண்டு. இரண்டு பக்கமும் கைப்பிடி நீளமாக இருக்க வேண்டும். முன்னால் மட்டும் ஒரு குட்டைப்பிடி வைத்த மாடல் வேண்டாம். சட்டையில் மாட்டிக்கொள்ளும் பாதுகாப்புச் சாவி இருக்க வேண்டும். கால் தடுமாறினால் அது கழன்று பெல்ட்டை நிறுத்திவிடும். தொடக்க வேகம் மணிக்கு 1 கிலோமீட்டர் அல்லது அதற்கும் கீழே இருக்கட்டும். பெல்ட் 45 சென்டிமீட்டராவது அகலம் வேண்டும். இயந்திரம் தாங்கும் எடை உங்கள் எடையைவிட 20 கிலோவாவது கூடுதலாக இருப்பது நல்லது. சில மாடல்களுக்கு 16 ஆம்பியர் பிளக் தேவைப்படும்; வாங்குவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனிடம் கேட்டுவிடுங்கள். பழுது பார்க்க உங்கள் ஊருக்கே ஆள் வருவாரா, சென்னையிலிருந்து வர வேண்டுமா என்பதையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். கடையிலேயே உங்கள் சொந்த ஷூவைப் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் அதில் நடந்து பாருங்கள். அதற்கு அனுமதிக்காத கடையில் வாங்க வேண்டாம்.

ஆனால் பணம் கட்டுவதற்கு முன் வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். கைகளை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு 30 வினாடிகளில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம், முதியோர் விழும் அபாயத்தை அறிய இந்தச் சோதனையைப் பரிந்துரைக்கிறது. 65 முதல் 69 வயது வரையுள்ள ஆண்களுக்கு 12-க்குக் கீழே வந்தால் சராசரிக்குக் குறைவு; அதே வயதுப் பெண்களுக்கு 11.

எண்ணிக்கை குறைந்தால் உங்களுடைய உடனடித் தேவை தொடை வலு. டிரெட்மில் இதயத்துக்கும் மூச்சுக்கும் நல்லது. தரையிலிருந்து எழுவதற்கும், பஸ் படி ஏறுவதற்கும், குளியலறையில் வழுக்கும்போது சமாளித்து நிற்பதற்கும் வேண்டிய வலுவை அதனால் மட்டும் தர முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சியோடு, இரண்டு நாளாவது தசை வலுப் பயிற்சியும், மூன்று நாளாவது சமநிலையை வளர்க்கும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. நம் வீடுகளில் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுகிறோம். எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு.

மகன் அனுப்பிய பணத்தில் ஒரு பகுதியைக் குளியலறையில் சுவர்க் கைப்பிடி போடவும், பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் சில நாள் பயிற்சி கற்றுக்கொள்ளவும் செலவிடுங்கள். மீதிக்கு டிரெட்மில் வாங்கினால் நான் தடுக்க மாட்டேன்.

கேள்வி: எனக்கு 58 வயது. பெண்களுக்குத் தனிப் பயிற்சியாளர் உண்டு என்ற விளம்பரத்தைப் பார்த்து ஒரு ஜிம்மில் ஓராண்டுக்கு 18,000 ரூபாய் கட்டினேன். இரண்டாவது மாதமே அந்தப் பயிற்சியாளர் வேலையை விட்டுப் போய்விட்டார். பணத்தைக் கேட்டால், “கட்டிய பணம் திருப்பித் தரப்படாது” என்று ரசீதில் அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார்கள்.
(திருப்பூர் வாசகி)

பதில்: அம்மா, ரசீதில் எதை அச்சடித்தாலும் அது சட்டத்துக்கு மேலே போய்விடாது. மனம் மாறி நீங்களே நின்றிருந்தால் முழுப் பணத்தையும் மீட்பது கடினம் என்று சொல்லியிருப்பேன். இங்கே விளம்பரத்தில் உறுதியளித்த சேவையை அவர்கள் தரவில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி இது சேவைக் குறைபாடு.

விளம்பரத்தின் படம், பணம் கட்டிய சான்று, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் சேமித்து வையுங்கள். மீதமுள்ள மாதங்களுக்கான பணத்தைக் கேட்டு, 15 நாள் அவகாசம் கொடுத்து, பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது; வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஜிம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் செய்துவிட வேண்டும். புகாரில் ‘சேவைக் குறைபாடு’ என்றே எழுதுங்கள். ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று எழுதினால், அந்த வகை மாநில ஆணையத்துக்குப் போய்விடும். உங்களுக்கு அலைச்சல்தான் மிச்சம்.

மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜிம்மில் முதல் முறை சேரும்போது ஓராண்டுப் பணத்தை ஒரேயடியாகக் கட்டாதீர்கள். மாதக் கட்டணம் கூடுதலாகத் தெரிந்தாலும் மூன்று மாதம் அப்படியே கட்டிப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம், யோகா மையங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில்லில் இன்னும் 18 என்று போட்டிருந்தால் கேளுங்கள்.

கேள்வி: பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் பத்து நாள் இலவச முகாம் நடந்தது. என் அம்மாவுக்கு 72 வயது; மூட்டுவலி, சர்க்கரை இரண்டும் உண்டு. காந்த மெத்தையில் படுத்தால் இரண்டும் தீரும் என்று சொல்லி, 10,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள். மொத்த விலை 90,000. இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துவிட்டால் விலை குறையுமாம்.
(சேலம் வாசகர்)

பதில்: தம்பி, மீதிப் பணத்தைக் கொடுக்க வேண்டாம். இன்றைக்கே அம்மாவிடம் பேசுங்கள்.

என் அத்தையும் இதேபோல ஒரு மண்டபத்தில் மெத்தை வாங்கினார். தினமும் காலையில் வரவேற்று, பெயர் சொல்லி அழைத்து, “அம்மா, கால் எப்படி இருக்கிறது?” என்று கேட்டிருக்கிறார்கள். வீட்டில் நாங்கள் யாரும் அப்படிக் கேட்கவில்லை. அந்த அன்புக்காகத்தான் அவர் சேமிப்பைக் கொடுத்தார் என்று பிறகு புரிந்தது. பில் இல்லை. முகாம் முடிந்ததும் அவர்கள் கொடுத்த எண் ஒலிக்கவில்லை. ஆகவே உங்கள் அம்மாவைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

காந்தம் பதித்த பொருட்கள் வலியைக் குறைக்கும் என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் வலுவான காந்தங்களிடமிருந்து விலகியே இருக்க வேண்டும். சர்க்கரை நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடைசெய்கிறது. மெத்தையை நம்பி அம்மா மாத்திரையை நிறுத்திவிட்டாரா என்று முதலில் பாருங்கள். எனக்கு அந்த 90,000 ரூபாயைவிடப் பெரிய பயம் அதுதான்.

ஆள் சேர்த்தால் விலை குறையும் என்கிறார்கள் அல்லவா? நேரடி விற்பனைக்கென்று 2021-இல் விதிகள் வந்துவிட்டன. ஆள்மேல் ஆள் சேர்க்கும் பிரமிடு திட்டத்துக்கு அதில் தடை உண்டு. வாங்கிய பிறகு மனம் மாறினால் திருப்பித் தருவதற்கான அவகாசத்தை நிறுவனம் கொடுத்தாக வேண்டும். அடையாள அட்டை இல்லாமல், முன் அனுமதி பெறாமல் வீட்டுக்கு வரக்கூடாது. இவற்றைக் குறிப்பிட்டு, ஆர்டரை ரத்து செய்வதாகவும் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றும் எழுத்தில் கேளுங்கள். முகாம் உங்கள் ஊரில் நடந்துகொண்டிருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். மறுத்தால் 1915.

மூட்டுவலிக்குத் தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் எடைக் குறைப்பும் உண்மையிலேயே பயன் தருபவை. உடல் எடை ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் முழங்காலில் விழும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது. அம்மாவால் வெளியே போக முடியாவிட்டால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கும் திட்டம் இது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

கேள்வி: வயது 70, எடை 60 கிலோ. தசை கரையாமல் இருக்க மாதம் 2,500 ரூபாய்க்குப் புரோட்டீன் பவுடர் வாங்கச் சொல்கிறார்கள். தேவையா?
(நாகர்கோவில் வாசகர்)

பதில்: தசை கரைவது உண்மைதான், அறுபதுக்குப் பிறகு அது வேகமெடுக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைக்கிறது. உங்களுக்கு அது 50 கிராம். வயதானவர்கள் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை எடுப்பது நல்லது என்று முதியோர் ஊட்டச்சத்து வல்லுநர்கள் பலர் சொல்கிறார்கள். அதன்படி 60 முதல் 72 கிராம்.

இரண்டு முட்டையில் 12 கிராம். 400 மில்லி பாலில் ஏறக்குறைய 13. ஒரு கைப்பிடி, அதாவது 50 கிராம் கொண்டைக்கடலையைச் சுண்டலாக்கினால் 10. சாம்பாரில் 30 கிராம் துவரம்பருப்பு 6 கிராமுக்கு மேல் தரும். சோறும் இட்லியும் 15 கிராம் அளவு சேர்க்கும். கூட்டினால் 56. உங்கள் கடற்கரையில் கிடைக்கும் மீன் 50 கிராம் சேர்த்தால் இன்னும் 9, 10 கிராம். பவுடருக்கு வேலை இல்லை. பல் இல்லாமலோ, நோயிலிருந்து தேறிவரும்போதோ சாப்பிட முடியாதவர்களுக்கு அது உதவும். வாங்கினால் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் இருக்கிறதா, பொருட்களின் பட்டியலில் சர்க்கரை முதல் சில இடங்களில் வருகிறதா என்று பாருங்கள். அளவில் அதிகமானதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் பவுடரைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: தினமும் 10,000 அடி நடக்க வேண்டுமாமே? அதை எண்ண ஸ்மார்ட் வாட்ச் வாங்கட்டுமா?
(தாம்பரம் வாசகி, 71)

பதில்: 10,000 என்ற எண் மருத்துவரிடமிருந்து வரவில்லை. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது. சராசரி 72 வயதுள்ள பெண்களிடம் அமெரிக்காவில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களுக்கே, 2,700 அடி நடந்தவர்களைவிட இறப்பு அபாயம் கணிசமாகக் குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பயன் தெரியவில்லை. எண்ணிக்கை உங்களுக்கு உற்சாகம் தரும் என்றால் கையிலுள்ள கைபேசியே எண்ணும். வாட்சுக்கு வைத்திருக்கும் பணத்தில் நல்ல ஷூ வாங்குங்கள். கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் கடைக்குப் போங்கள். ஷூ விரல்பகுதியில் வளைய வேண்டும்; நடுவில் மடிந்தால் வேண்டாம். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு குறைந்திருந்தால் மெத்தென்ற ரப்பர் அடியுள்ள எம்.சி.ஆர். செருப்புதான் உங்களுக்குச் சரி.

கேள்வி: இடது முழங்கால் வலிக்கிறது. கைத்தடி எந்தக் கையில் பிடிக்க வேண்டும், எவ்வளவு உயரம்?
(காரைக்குடி வாசகர், 74)

பதில்: வலது கையில். வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கம் பிடித்தால்தான் சுமை பகிரப்படும். இடது காலும் தடியும் சேர்ந்து முன்னே போக வேண்டும். ஷூ போட்டு நிமிர்ந்து நின்று, கையைத் தொங்கவிடுங்கள். மணிக்கட்டின் மடிப்பு எங்கே வருகிறதோ, தடியின் பிடி அங்கே இருக்க வேண்டும். உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய அலுமினியத் தடியே போதும். அடியிலுள்ள ரப்பர் குமிழ் தேய்ந்து வழவழப்பானால் வழுக்கும். வாங்கும்போதே கூடுதலாக இரண்டு குமிழ் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.