நான்கு வருட இடைவெளிக்குப் பிறகு லேபுக்குத் திரும்ப முடியுமா?

கேள்வி: வேதியியலில் பிஎச்.டி. முடித்தேன். குழந்தை பிறந்ததும் ஆய்வை நிறுத்தி நான்கு வருடம் ஆகிவிட்டது. இங்கே கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியில் நிரந்தர வேலை தருகிறார்கள். எனக்கோ லேபுக்குத் திரும்பத்தான் ஆசை. இடைவெளியை சி.வி.யில் மறைக்கச் சொல்கிறார்கள் தோழிகள். என்ன செய்யட்டும்?

பதில்: மறைக்கவே மறைக்காதீர்கள். தேதிகள் இடித்தால் படிப்பவர் தானே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்வார், அது உங்களுக்குச் சாதகமாக இருக்காது. ஒரே வரி போதும்: ‘2021 ஜூன் – 2025 மே: குழந்தை வளர்ப்புக்காக ஆய்வில் இடைவெளி.’ மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம். அந்த வருடங்களில் பழைய டேட்டாவை வைத்து ஒரு பேப்பர் வந்திருந்தால் அதைக் கீழேயே சேருங்கள்.

இடைவெளி விட்ட பெண்களுக்காகவே மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002-03இல் பெண் விஞ்ஞானிகள் திட்டத்தைத் தொடங்கியது. இப்போது அது வைஸ்-கிரண் என்ற பெயரில் நடக்கிறது, பிஎச்.டி. முடித்தவர்களுக்கு அதில் வைஸ்-பி.டி.எஃப். என்று ஒரு பிரிவு, அதாவது பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வு ஃபெல்லோஷிப். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: இது நிரந்தர வேலையில் இல்லாதவர்களுக்கானது. முதலில் கல்லூரியில் சேர்ந்துவிட்டு, அப்புறம் மெதுவாக விண்ணப்பிக்கலாம் என்று நினைத்தால் கதவு சாத்தியிருக்கும். ஆகவே கல்லூரிக்குச் சம்மதம் சொல்வதற்கு முன்பே துறையின் இணையதளத்தில் அடுத்த அறிவிப்பு எப்போது என்று பாருங்கள், வருடம் முழுக்கத் திறந்திருக்காது.

விண்ணப்பத்துக்கு ஒரு வழிகாட்டியும், இடம் தரச் சம்மதிக்கும் நிறுவனத்தின் கடிதமும் வேண்டும். உங்கள் வேலை மின்வேதியியல் பக்கம் என்றால் காரைக்குடியில் செக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது, ஆனால் சின்னக் குழந்தையோடு ஊர் மாறுவது லேசான காரியமில்லை, உள்ளூரிலேயே பாரதியார் பல்கலைக்கழகத்தில் விசாரிப்பது புத்திசாலித்தனம். ‘வாய்ப்பு இருக்கிறதா ஐயா’ என்று மொட்டையாக மெயில் போட்டால் பதில் வராது. என்ன கேள்வியை ஆராயப் போகிறீர்கள், அவர் லேபில் எந்தக் கருவி தேவைப்படும், இதை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். பழைய கைடிடமே திரும்பிப் போகாமல் இருப்பது நல்லது என்பது என் கருத்து, ஏனென்றால் அங்கே நீங்கள் என்றைக்கும் மாணவிதான்.

சேர்ந்த பிறகும் ஒரு ஆபத்து உண்டு. வழிகாட்டியின் மாணவர்களுக்கு மாதிரி தயாரிப்பதிலும் ரிப்போர்ட் திருத்துவதிலுமே நாள் ஓடிவிடும், பேப்பரில் உங்கள் பெயர் நடுவில் எங்கேயோ கிடக்கும். புராஜெக்ட் உங்களுடையது. அதிலிருந்து வரும் பேப்பர்களில் தொடர்பு ஆசிரியராக (இதழோடு பேசும் பொறுப்பான எழுத்தாளர், கரஸ்பாண்டிங் ஆத்தர்) யார் இருப்பது என்பதைச் சேரும்போதே பேசிவிடுங்கள், கூச்சமாக இருந்தாலும். ஃபெல்லோஷிப் முடிந்ததும் நிரந்தர வேலை தருவதாக யாரும் எழுதிக் கொடுப்பதில்லை, அடுத்த தேர்வுக் குழு கையில் எடுத்துப் பார்ப்பது அந்தப் பேப்பர்களைத்தான். இரண்டாம் வருடத்திலேயே ஆசிரியர் பணிகளுக்கு விண்ணப்பிக்கத் தொடங்குங்கள்.

கல்லூரி வேலை மட்டம் என்று சொல்லவில்லை. மாதச் சம்பளம் இப்போதே அவசியம் என்றால் சேருங்கள், ஆனால் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வகுப்பு, அங்கீகரிக்கப்பட்ட ஆய்வு மையம் உண்டா என்று கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள். எங்கே போனாலும் குழந்தைகள் காப்பகம் பற்றியும் கேளுங்கள். 2017இல் மகப்பேறு பலன் சட்டத்தில் சேர்க்கப்பட்ட விதி இது: 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் காப்பக வசதி செய்து தர வேண்டும்.