வெளிநாட்டில் எம்.ஆர்க். (ஆர்க்கிடெக்சர் முதுகலை): கட்டுப்படியாகும் செலவில் எங்கே படிக்கலாம்?

ஜெர்மனியில் கட்டணமே இல்லை என்கிறார்கள். பி.ஆர்க். முடித்ததும் அங்கேயே விண்ணப்பித்துவிடலாமா?
*இறுதியாண்டு மாணவி, மதுரை*

பெரும்பாலான பொதுப் பல்கலைக்கழகங்களைப் பொறுத்தவரை உண்மைதான். செமஸ்டருக்கு 100 முதல் 400 யூரோ வரை ஒரு தொகை கட்டினால் போதும். பல ஊர்களில் பஸ், ரயில் பாஸும் அதிலேயே அடக்கம். ஆனால் ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்றவர்களுக்கு 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணம் உண்டு. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் முதுகலைக்கு செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை வசூலிக்கிறது. பழைய யூடியூப் வீடியோக்களில் இது இருக்காது.

விசாவுக்கு முன் பிளாக்டு அக்கவுண்ட் எனும் முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் 11,904 யூரோ போட வேண்டும். யூரோவை நூறு ரூபாய் என்று வைத்தாலே சுமார் 12 லட்சம். இது கட்டணம் அல்ல, உங்கள் பணம்தான். மாதம் 992 யூரோவாக உங்களுக்கே திரும்ப வரும். ஆனாலும் ஆரம்பத்தில் மொத்தமாகக் கையில் இருந்தாக வேண்டும்.

அப்புறம் மொழி. அங்கே ஆர்க்கிடெக்சர் முதுகலை பெரும்பாலும் ஜெர்மனில்தான் நடக்கிறது. ஸ்டுட்கார்ட்டின் ஐடெக் என்ற முதுகலை, டெஸாவில் உள்ள சர்வதேச ஆர்க்கிடெக்சர் படிப்பு போன்ற சிலவே ஆங்கிலத்தில் உண்டு. ஆங்கிலத்தில் படித்தாலும் வேலைக்குப் போகும் இடத்தில் ஒப்பந்தக்காரரிடமும் அனுமதி அலுவலகத்திலும் ஜெர்மனில்தான் பேசியாக வேண்டும். அதனால் இப்போதே ஜெர்மன் கற்றுத்தரும் மேக்ஸ் முல்லர் பவனின் வகுப்பில் சேருங்கள், ஆன்லைனிலும் உண்டு. இந்திய மாணவர்களுக்கு, நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழும் கட்டாயம். வந்து சேர நாளாகும் என்பதால் மதிப்பெண் பட்டியல்கள் கைக்கு வந்தவுடன் விண்ணப்பித்துவிடுங்கள்.

மகளுக்கு லண்டனில் ஓராண்டு எம்.ஏ. ஆர்க்கிடெக்சர் சீட் வாங்கித் தருவதாக ஏஜென்ட் சொல்கிறார். ஒரே வருடம் என்பதால் செலவு குறைவுதானே? வீட்டை அடமானம் வைக்கத் தயாராக இருக்கிறேன்.
*ஒரு தந்தை, கும்பகோணம்*

ஐயா, வீட்டுப் பத்திரத்தை எடுப்பதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். பிரிட்டனில் 'ஆர்க்கிடெக்ட்' என்று பெயர் போட்டுத் தொழில் செய்ய ஏ.ஆர்.பி. என்ற அமைப்பில் பதிவு வேண்டும். அதற்கு வழிசெய்யும் அங்கீகாரம் பெற்ற எம்.ஆர்க். பொதுவாக இரண்டு ஆண்டுப் படிப்பு. ஓராண்டு எம்.ஏ. பலவற்றுக்கு அந்த அங்கீகாரம் கிடையாது. பட்டம் வரும், அங்கே தொழில் உரிமைக்கு உதவாது. ஏஜென்டிடம் "இது ஏ.ஆர்.பி. பட்டியலில் இருக்கிறதா?" என்று எழுத்தில் கேளுங்கள், பட்டியலை நீங்களும் ஒருமுறை சரிபாருங்கள்.

லண்டனில் தங்கும் செலவுக்கென்றே மாதம் சுமார் 1,500 பவுண்ட் வீதம் ஒன்பது மாதத்துக்கு விசாவுக்குக் காட்டச் சொல்வார்கள். அதற்கு மேல் மருத்துவக் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்ட். படிப்புக் கட்டணம் தனி. இதே பணத்தில் இத்தாலியில் இரண்டு ஆண்டும் முடித்துவிடலாம். மாணவரைச் சேர்த்துவிட்டால் பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் பல, ஏஜென்டுக்குக் கமிஷன் தருகின்றன. அதை மனதில் வைத்து அவர் பேச்சைக் கேளுங்கள்.

மகள் திரும்பி வந்து இங்கேயே அலுவலகம் வைக்க நினைத்தால், பி.ஆர்க். பட்டமும் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர் பதிவுமே போதும். அப்போது வெளிநாட்டில் எதைப் படிக்கிறாள் என்பதுதான் முக்கியம்: பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்பா, நகர வடிவமைப்பா, லேண்ட்ஸ்கேப்பா? அதைத் தீர்மானிக்காமல் அடமானத்துக்குப் போகாதீர்கள்.

இத்தாலியில் உதவித்தொகை எளிதாகக் கிடைக்குமாமே?
*இளம் ஆர்க்கிடெக்ட், கோவை*

கிடைக்கும், ஆனால் எளிது என்று சொல்ல மாட்டேன். பெரிய வாய்ப்பு இது, சரியாகச் செய்தால். மிலான், டுரின் பாலிடெக்னிக்குகள் இரண்டிலும் ஆங்கிலத்தில் ஆர்க்கிடெக்சர் முதுகலை உண்டு. மிலானில் ஆண்டுக் கட்டணம் அதிகபட்சமே 4,000 யூரோவை ஒட்டித்தான்; குடும்ப வருமானத்தைப் பொறுத்து குறையும். இதோடு, அந்தந்த மாநில நிர்வாகம் தரும் டி.எஸ்.யு. உதவித்தொகை கிடைத்தால் கட்டணம் ரத்து, கையில் பணம், கேன்டீன் சலுகை, சில இடங்களில் விடுதியும்.

வருமான வரம்பு இடத்துக்கு இடம் மாறும். சுமார் 27,000 யூரோ. குடும்ப உறுப்பினர்கள், பெற்றோர் வருமானம், வங்கி இருப்பு, வீட்டின் பரப்பு என்று அத்தனைக்கும் ஆவணம் கேட்பார்கள். வெளிநாட்டில் உள்ள வீட்டை சதுர மீட்டருக்கு 500 யூரோ என்று கணக்கிடுவார்கள். அதாவது ஆயிரம் சதுர அடி வீடு சுமார் 46,500 யூரோ சொத்தாக ஏறும். கிராமத்தில் பரந்துகிடக்கும் பூர்வீக ஓட்டு வீட்டுக்கும் இதே கணக்குதான் என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

வட்டாட்சியர் தரும் வருமானச் சான்றோடு வேலை முடிந்துவிடாது. நம் ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான அப்போஸ்டில் முத்திரை, இத்தாலிய மொழிபெயர்ப்பு எல்லாம் ஆக வேண்டும். எந்த ஆண்டின் வருமானம் என்பதையும் அறிவிப்பில் பாருங்கள். நம் ஏப்ரல்-மார்ச் கணக்கு, அவர்கள் கேட்கும் ஜனவரி-டிசம்பரோடு பொருந்தாமல் போகலாம். சான்றிதழில் அப்பா பெயரின் எழுத்துகள் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். இன்ஷியல் விரிவு மாறினாலே திருப்பி அனுப்ப வாய்ப்பு உண்டு.

இன்னொன்று: முதல் தவணை வர மாதங்கள் ஆகலாம், அதுவரை சமாளிக்கப் பணம் வைத்திருங்கள். முதல் ஆண்டில் ஆகஸ்ட் 10-க்குள் 20 கிரெடிட் எடுக்க வேண்டும். நவம்பர் 30 வரையும் எடுக்காவிட்டால் உதவித்தொகை ரத்தாகி, வாங்கியதைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

நான் பி.இ. சிவில். வெளிநாட்டில் எம்.ஆர்க். படித்துவிட்டு இந்தியாவில் ஆர்க்கிடெக்டாகப் பதிவு செய்ய முடியுமா?
*வாசகர், சேலம்*

அதை நம்பிப் போகாதீர்கள். 1972-ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டம் அங்கீகரித்த தகுதி இல்லாமல் பதிவு கிடைக்காது. நடைமுறையில் இங்கே அதற்கு அடிப்படை பி.ஆர்க்.தான். கட்டட எரிசக்தி, கட்டுமான மேலாண்மை போன்ற முதுகலைகள் உங்கள் பட்டத்துக்குப் பொருந்தும்.

இலங்கையின் மொரட்டுவ பல்கலைக்கழகத்தில் படித்தவள். எனக்கும் ஏ.பி.எஸ். வேண்டுமா? நார்வேயில் இலவசம் என்று நண்பி சொன்னாள்.
*வாசகி, யாழ்ப்பாணம்*

ஏ.பி.எஸ். இலங்கைப் பட்டங்களுக்குத் தேவையில்லை. நார்வேயில் 2023 இலையுதிர் பருவத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்குக் கட்டணம் வந்துவிட்டது. ஜெர்மன் மொழியில் படிக்கத் தயார் என்றால் ஆஸ்திரியாவைப் பாருங்கள். வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் செமஸ்டருக்கு 726.72 யூரோதான். ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) ஆர்க்கிடெக்சருக்கென்றே தனி உதவித்தொகை தருகிறது. அதற்கு மதிப்பெண்ணோடு, உங்கள் வடிவமைப்புகளின் தொகுப்பான போர்ட்ஃபோலியோவும் கனமாக இருக்க வேண்டும். கணினியில் செய்த வழவழப்பான ரெண்டர் படங்களைக் குறைத்து, ஒரு திட்டத்தையாவது முதல் ஸ்கெட்ச்சிலிருந்து இறுதி வரைபடம் வரை முழுதாகக் காட்டுங்கள்.